ரங்கூனில் காந்தாரம் எங்கே நிற்கிறது?

மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பது என் வேலை. ரங்கூனில் எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனாலும் பஜனை நிற்கவில்லை. போன வருடம் மாடி வீட்டுப் பர்மியப் பெரியவர் ஒரு நாள் மாலை தன் பத்தலாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'சயா'. தானும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

பத்தலா என்பது படகு போல வளைந்த மரப்பெட்டியின் மேல் 24 மூங்கில் பட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட வாத்தியம். இரண்டு கோல்களால் தட்டுவார்கள். என் ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கட்டையை அழுத்தினேன். அவருடைய ஆதார சுரம் அதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயிற்று. பஞ்சமமும் பரவாயில்லை. காந்தாரத்துக்கு, அதாவது ச ரி க என்பதில் வரும் க-வுக்கு வந்தோம், பல் கூசியது. அந்தர காந்தாரத்தை விட்டுவிட்டு, அதற்கு ஒரு கட்டை கீழே உள்ள சாதாரண காந்தாரத்தை அழுத்திப் பார்த்தேன். அதுவும் இல்லை. அவருடைய காந்தாரம் என் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில், கட்டையே இல்லாத இடத்தில் இருந்தது.

"அகோ, பெட்டியைக் கொஞ்சம் பழுது பார்க்கக் கொடுங்கள்" என்றார் சயா, யாருக்கும் கேட்காத குரலில். அகோ என்றால் பர்மிய மொழியில் அண்ணன். நானோ மழையில் மூங்கில் ஊறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் தாளத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பெட்டியிலும் பழுதில்லை, மூங்கிலிலும் பழுதில்லை என்று எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின. இணையத்தில் 'மைக்ரோடோனல்' என்று ஒரு சொல் அடிபடுகிறதே, தமிழில் நுண்சுரம் என்று எழுதுகிறார்களே, அதைத் தேடி நான் எங்கும் போகவில்லை. அது மாடியிலிருந்து இறங்கி வந்தது.

முதலில் அளவுகோல். ஒரு சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை உள்ள தூரத்தை, அதாவது ஒரு ஸ்தாயியை, 1200 பங்காக்கி, ஒரு பங்கை ஒரு சென்ட் என்று வைத்தவர் அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர். 1885இல் பல நாட்டு இசை அளவுகளைப் பற்றி லண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் செவி ஞானம் போதாது. ஹிப்கின்ஸ் என்ற பியானோ நிபுணரின் காதைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் அளந்தார். இயற்கை தந்த ஒரே சுர வரிசை என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு ஊரும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அந்தக் காலத்து லண்டனில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

பியானோவிலும் ஆர்மோனியத்திலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே சரியாக 100 சென்ட். பன்னிரண்டு கட்டை, 1200 சென்ட், கணக்கு தீர்ந்தது. சாதாரண காந்தாரம் 300, அந்தர காந்தாரம் 400. சுருதி பார்க்கும் ஒரு செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். சயாவின் பத்தலாவில் காந்தாரம் 350ஐ ஒட்டி நின்றது. நிஷாதமும் (நி) அப்படித்தான், பெட்டியில் உள்ள இரண்டு நிஷாதங்களான கைசிகியின் 1000க்கும் காகலியின் 1100க்கும் நடுவில். மத்தியமம் என் பெட்டியை விடக் கொஞ்சம் தூக்கல். இது ஒரே ஒரு பத்தலாவின் கணக்கு. இன்னொரு வீட்டுப் பத்தலா சில சென்ட் தள்ளி நிற்கும், அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் காந்தாரமும் நிஷாதமும் நடுவாந்தரமாக நிற்பது பர்மிய மரபிசையின் பொதுக் குணம். ஸ்தாயியை ஏழு சம பங்காக வெட்டினால் ஒரு பங்கு 171 சென்ட் சொச்சம் வரும். அப்போது காந்தாரம் 343இல் விழும், நிஷாதம் 1029இல். பர்மிய அளவு இவ்வளவு கறாரான சமபங்கு இல்லை. என்றாலும் நம் பன்னிரண்டு வீட்டுக் கணக்கை விட இந்த ஏழு வீட்டுக் கணக்குக்குத்தான் அது நெருக்கம்.

இங்கே 'நுண்சுரம்' என்ற பெயரிலேயே எனக்கு ஒரு மனத்தாங்கல். சயாவிடம் போய், "நீங்கள் நுண்சுரம் வாசிக்கிறீர்கள்" என்று சொன்னால் சிரிப்பார். அவர் வாசிப்பது காந்தாரம், முழுக் காந்தாரம். அதை நுண் என்றும் இடை என்றும் சொல்வது பியானோ. பன்னிரண்டு கட்டையை வீடு என்று வைத்துக்கொண்டவனுக்குத்தான் மற்றதெல்லாம் சந்து.

அந்தப் பியானோ கட்டையும் ஒரு சமரசம்தான். தம்புராவை நன்றாகச் சேர்த்துவிட்டுக் கேளுங்கள். மந்தர நரம்பிலிருந்து யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது 386 சென்டில் இருக்கிறது. பெட்டியின் அந்தர காந்தாரம் 400. பதினான்கு சென்ட் வித்தியாசம் பேச்சுக்குச் சின்னதுதான், ஆனால் இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விம்மும். எந்தக் கட்டையைச் சட்ஜமாக வைத்தாலும் ஒரே மாதிரி வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஐரோப்பியர்கள் ஒவ்வொரு சுரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டோடு பாரிஸில் 1840களில் உருவான ஆர்மோனியம் நம் ஊருக்கு வந்தது, துருத்தியைக் கைக்கு மாற்றிக்கொண்டோம், கோயில், நாடக மேடை, பஜனை மடம் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. அகில இந்திய வானொலி 1940இல் அதை வெளியே போ என்று சொல்லி, முப்பது வருடத்துக்கு மேல் கதவைத் திறக்கவில்லை. சுரத்தை வளைக்க முடியாது, நமக்குரிய சுருதி அதில் இல்லை என்பது காரணம். பெட்டிக்காரனாகிய எனக்கு இது கசப்பான செய்தி. ஆனால் குற்றச்சாட்டு பொய் இல்லை.

சரி, பர்மிய வாத்தியங்களுக்கு வருவோம். இவர்கள் சுரத்தை எப்படி அந்த நடு இடத்தில் நிறுத்திவைக்கிறார்கள்?

பகோடா திருவிழாக்களிலும் நாட் எனும் ஆவிகளுக்கான பூசைகளிலும் வாசிக்கும் குழுவுக்கு சைங் வைங் என்று பெயர். அதன் நடுநாயகம் பத் வைங். பொன்முலாம் பூசி, கண்ணாடிச் சில் பதித்த வட்டமான மரச் சுவர். அதன் உள்பக்கம் 21 மேளங்கள் வட்டமாகத் தொங்கும். வாசிப்பவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு சுழன்று சுழன்று வெறுங்கையால் தட்டுவார். தாளத்துக்கு அல்ல, பாட்டின் மெட்டையே மேளத்தில் வாசிப்பார்கள். நம் மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறோமே, அதே யோசனை இங்கே பெரிய அளவில் நடக்கிறது. சோற்றையும் சாம்பலையும் சேர்த்துப் பிசைந்த ஒரு பசையை ஒவ்வொரு மேளத்தின் தோலிலும் அப்புகிறார்கள். பசை கூடினால் சுரம் இறங்கும், வழித்து எடுத்தால் ஏறும். வாசிப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அடுத்த நாள் மறுபடி 21 மேளத்துக்கும் புதுப் பசை. கச்சேரி தொடங்குமுன் ஒரு வித்வான் ஒரு சிட்டிகை பசையை அப்பி, தட்டி, காதைச் சாய்த்து, பாதியைக் கிள்ளி எறிந்து, மறுபடி தட்டுவதை நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சென்டாவது கின்டாவது, எல்லாம் விரல் நுனியில்.

மூங்கில் பத்தலாவில் பசைக்கு வேலை இல்லை, கத்திக்குத்தான் வேலை. பட்டையின் அடியில் நடுப்பகுதியைச் சீவினால் சுரம் தாழும், நுனியைச் சீவினால் உயரும். ஒரு முறை கூடுதலாகச் சீவிவிட்டால் அந்த இடத்தில் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. மறுமுனையில் சீவித்தான் சமாளிக்க வேண்டும்.

ஹ்னே என்பது இவர்களுடைய நாகசுரம். குழலின் வாயில் பெரிய உலோக அணைசு. ஏழு துளை. வாயில் வைத்து ஊதும் சீவாளி மட்டும் வேறு, நமக்கு நாணல், இவர்களுக்குப் பனை ஓலையைப் பல மடிப்பாக அடுக்கிக் கட்டியது. பர்மிய சுரங்களுக்கும் சுருதி அமைப்புகளுக்கும் உள்ள பெயர்கள் இந்தத் துளைகளை எண்ணி வந்தவை. பௌக் என்றால் துளை. ஒரு துளை, இரண்டு துளை என்று சொல்லிக்கொண்டு போவார்கள். சட்ஜம், ரிஷபம் என்று வேதமும் மிருகங்களும் இழுத்து வந்த பெயர்களை விட இது எவ்வளவு சுலபம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

எங்கள் கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி வாசிப்பார்கள். ச க ம ப நி, ஐந்தே சுரம். சயா ஒரு நாள் ஒரு பழைய அரண்மனைப் பாட்டைப் பத்தலாவில் வாசித்தார். என் காதில் விழுந்தது அதே ச க ம ப நி. ரிஷபமும் தைவதமும் வந்தன, ஆனால் விருந்தாளி மாதிரி, வந்து உடனே கிளம்பிவிட்டன. பர்மிய மெட்டுகளில் ஐந்து சுரம் முதன்மையாக நிற்பதும் மற்ற இரண்டு ஒத்தாசைக்கு வந்துபோவதும் வழக்கம்தான். ஆனால் கம்பீரநாட்டையை யாரோ தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பது போல இருந்தது. காந்தாரமும் நிஷாதமும் கொஞ்சம் இறங்கி, மத்தியமம் கொஞ்சம் ஏறி. எங்கள் கோயில் நாகசுரக்காரரை அழைத்து வந்து கேட்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், நிஷாதம் வந்ததும் திறந்தார். "தம்பி, இது பேகடா நிஷாதம் இல்லையா?" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பேகடா ராகத்தின் நிஷாதம் கைசிகியும் இல்லை, காகலியும் இல்லை என்பது கச்சேரி கேட்பவர்களுக்கெல்லாம் தெரியும். தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ஆக, கட்டைகளுக்கு நடுவே உள்ள இடம் நமக்கும் சொந்தம்தான். ஆனால் நாம் அங்கே போகும் விதம் வேறு. வீணையில் நரம்பை அழுத்தும் உலோக மெட்டு மெழுகின் மேல் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, வீணை செய்பவர் அதை அப்படித்தான் வைக்கிறார். நரம்பை ஒதுக்கி இழுத்து, நடுவே உள்ள இடங்களை விரலால் தொட்டுவிட்டு வருகிறோம். நாகசுரத்தில் அந்த வேலையை உதடும் மூச்சும் விரலும் செய்கின்றன. இப்படிச் சுரத்தை அசைப்பதைத்தான் கமகம் என்கிறோம். கமகம் என்பது பயணம். பர்மியப் பத்தலாவிலோ அந்த நடு இடத்தில் ஒரு மூங்கில் பட்டை அசையாமல் தொங்குகிறது. வளைக்க முடியாது, வளைக்கத் தேவையும் இல்லை. நாம் போய்வருகிற இடத்தில் இவர்கள் குடியிருக்கிறார்கள். என் பெட்டிக்கு இரண்டுமே கிடையாது, போகவும் தெரியாது, அங்கே வீடும் இல்லை. அன்றைய மார்கழிச் சண்டைக்கு உண்மையான காரணம் இதுதான்.

நம்மவர்கள் இந்த நடு இடங்களை எண்ணாமல் விட்டார்களா? எண்ணி எண்ணிச் சண்டையே போட்டிருக்கிறார்கள். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று பழந்தமிழ் மரபு ஏழு சுரத்துக்கு அலகு, அதாவது நுண்பங்கு, பிரித்துத் தருகிறது. கூட்டினால் 22. வடமொழி நூல்களும் 22 என்கின்றன. தஞ்சையில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் இதை ஏற்கவில்லை. 24 சம அலகுதான் என்று 1916இல் பரோடா இசை மாநாட்டில் வாதாடினார், அடுத்த வருடமே கருணாமிர்த சாகரம் என்ற மாபெரும் நூலில் எழுதியும் வைத்தார். ஸ்தாயியை 24 சம பங்காக வெட்டினால் ஒரு பங்கு 50 சென்ட். அதே கால்சுரக் கணக்கில்தான் செக் நாட்டு அலோய்ஸ் ஹாபா 1920களில் தனிப் பியானோவே செய்ய வைத்து வாசிக்கச் செய்தார். தஞ்சாவூர் மருத்துவருக்கும் பிராக் நகரத்து இசைக்காரருக்கும் பழக்கம் இருந்திருக்க வாய்ப்பில்லை. 22ஆ 24ஆ என்ற வழக்கில் நான் எந்தப் பக்கமும் இல்லை. பாடகர் ஒருவரின் குரலைக் கணினியில் வரைந்து பார்த்தால் புள்ளிகள் கிடைப்பதில்லை, நெளியும் கோடுதான் கிடைக்கிறது. நெளியும் கோட்டில் எத்தனை புள்ளி என்று எண்ணி முடியாது.

மேற்கே நடந்த மற்ற முயற்சிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ஹாரி பார்ட்ச் என்ற அமெரிக்கர் ஸ்தாயியை 43ஆகப் பிரித்தார். அதை வாசிக்க உலகத்தில் வாத்தியம் இல்லையே, தானே செய்தார். அதில் ஒன்று, பழைய ஆர்மோனிய வகைப் பெட்டி ஒன்றை எடுத்து, ஒலி எழுப்பும் அதன் உலோக நாக்குகளையெல்லாம் மாற்றி அமைத்தது. பெட்டியைத் திருத்த முடியும் என்று எனக்கு முதலில் உறைத்தது அவரால்தான்.

பர்மிய வாத்தியங்களில் சௌங் என்ற வில் வடிவ யாழைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் தமிழனாக எனக்கு மனம் ஆறாது. படகு வடிவில் ஒரு குடம், படாக் மரத்தில் குடைந்தது. அதன் மேல் இழுத்துக் கட்டிய மான் தோல். ஒரு முனையிலிருந்து மேலே வளைந்து எழும் மரக் கழுத்து, கோடு என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். குடத்திலிருந்து கோட்டுக்கு 16 நரம்பு, முன்பு பட்டு, இப்போது நைலான். நரம்பின் மேல் முனையைச் சிவப்புக் கயிற்றில் முடிந்து கோட்டைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், குஞ்சம் தொங்கும். கயிற்றைத் திருகித்தான் சுருதி சேர்ப்பார்கள். இதை முதல் முறை பக்கத்தில் பார்த்தபோது பள்ளியில் மனப்பாடம் செய்த பத்துப்பாட்டு நினைவுக்கு வந்தது. பொருநராற்றுப்படை யாழின் கோட்டைத் தலை தூக்கிய பாம்பு என்கிறது, அதன் தோலை விளக்குச் சுடரின் நிறம் என்கிறது. பத்தர் (குடம்), பச்சை (தோல்), கோடு, திவவு, நரம்பு என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். திவவு என்பது நரம்பைக் கோட்டில் பிணைக்கும் வார்க்கட்டு. உரைகளில் மட்டுமே படித்திருந்த திவவு, இங்கே சிவப்புக் குஞ்சத்தோடு என் கண் முன்னால் இருந்தது.

அதற்காக யாழ் தமிழகத்திலிருந்து கப்பலேறி பர்மாவுக்கு வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. வில் வடிவ யாழ் ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் இருந்தது. அமராவதிச் சிற்பங்களில் இருக்கிறது, சமுத்திரகுப்தனின் பொற்காசில் அரசனே வாசிக்கிறான். பர்மாவில் ப்யூ மக்களின் பழைய நகரமான ஸ்ரீக்ஷேத்திரத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பத்தில் அது தென்படுகிறது. 802இல் ப்யூ இசைக் குழு ஒன்று சீனத்துத் தாங் அரசவைக்கே போய் வாசித்தது. இந்தியாவிலிருந்து வங்கக் கடலோரமாக வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து, எந்தத் துறைமுகம் என்பதற்கு ரசீது இல்லை. பத்தலா, பத்தல் (பத்தரின் இன்னொரு வடிவம்) என்று பெயர்கள் ஒத்திருப்பதை வைத்துக் கதை கட்டும் ஆசையும் வரும், அடக்கிக்கொள்வது நல்லது. உறுதியாகச் சொல்லக்கூடியது, நம்மிடம் யாழ் வழக்கொழிந்துபோனது, இவர்களிடம் இன்னும் ஒலிக்கிறது. விபுலானந்த அடிகள் பழைய பாடல்களை வைத்துக் கணக்குப் போட்டு 1947இல் யாழ் நூல் எழுதி யாழை மீட்டெடுக்கப் பாடுபட்டார். அந்த வருடத்திலும் ரங்கூனில் யாராவது ஒரு வீட்டில் சௌங் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

பியானோ பர்மாவுக்கும் வந்தது, 19ஆம் நூற்றாண்டில் மாண்டலே அரசவைக்கு. சந்தயா என்று பெயர் வைத்தார்கள். பெட்டிக்கு நாம் பணிந்தோம். இவர்கள் பியானோவைப் பணிய வைத்தார்கள், நரம்புகளைத் திருகி நடுவாந்தரக் காந்தாரத்துக்கு இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் பத்தலா மாதிரியே வாசித்தார்கள். பிறகு வந்த ஸ்லைடு கிடாருக்கு அந்தச் சிரமமும் இல்லை. நரம்பின் மேல் உலோகத் துண்டை வழுக்கிக்கொண்டு போனால் எந்தச் சுரத்திலும் நிற்கலாம். கர்நாடக சங்கீதம் வயலினை மட்டும் ஒரு பேச்சில்லாமல் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான். மெட்டு இல்லை, கட்டை இல்லை.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. திருவிழாப் பந்தலில் சைங் வைங்குக்குப் பக்கத்தில் மின்சாரக் கீபோர்டும் கிடாரும் வந்து நின்றுவிட்டன. இரண்டு அளவும் ஒரே மேடையில் இருந்தால் விட்டுக்கொடுப்பது பசைதான், கீபோர்டு இல்லை. 350 மெல்ல 400 பக்கம் ஏறுகிறது. சந்தயாவையும் பல இடங்களில் திருகாமல் அப்படியே வாசிக்கிறார்கள். இத்தனைக்கும் பல கீபோர்டுகளில் ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்க வசதி இருக்கிறது. மெனுவில் நான்கு பக்கம் உள்ளே போய்த் தேட வேண்டும், யார் தேடுகிறார்கள்?

நான் தேடினேன், கீபோர்டில் அல்ல. அப்பா காலத்துப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. ஆர்மோனியத்தின் நாக்கு பித்தளைத் தகடு. நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், மூங்கில் பட்டையின் தம்பி என்றே சொல்லலாம். சயா மேலே மாடியில் பட்டையைத் தட்டித் தட்டிக் காட்ட, கீழே நான் சவர ப்ளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன். காந்தாரம் இரண்டு மாலைப் பொழுதில் இறங்கி வந்தது. மத்தியமம் சுலபமாக ஏறியது. நிஷாதத்தில் அவசரப்பட்டேன், ப்ளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கி, நாக்கு டக்கென்று அடியோடு உடைந்துவிட்டது. சயா படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தார். "பரவாயில்லை அகோ, நிஷாதத்தை நான் வாசிக்கிறேன்" என்றார். இந்த மார்கழிக்கு அப்படித்தான் வாசிக்கிறோம்.